லர்ச்: ஒரு சொல், இரண்டு காகிதங்கள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



மலருக்குக் கட்டுரை கேட்டு நம் யூனியன் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, "கவிதை மட்டும் வேண்டாம்பா, மூட்டை கட்டுற அளவுக்கு வந்தாச்சு" என்றார். எனக்குக் கவிதை வராது என்பதால் பிரச்சினை இல்லை. "ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி எழுதட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "ஒரு வார்த்தைக்கா நாலு பக்கம்?" என்று சிரித்துவிட்டு, சரி எழுது என்றார். அந்த நாலு பக்கம்தான் இது.

சொல் இதுதான்: லர்ச். எழுத்துக் கூட்டினால் எல், யூ, ஆர், சி, எச். நம் ஊர் 'சர்ச்' என்ற சொல்லோடு எதுகை போட்டுக்கொள்ளலாம். எழுத்தில் ஐந்துதான். ஆனால் எங்கள் வீட்டில் பத்து வருடமாக ஒரு தகரப் பெட்டிக்குள் இது கிடந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாமலே.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் யாரும் கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். பேங்க் கடிதம், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம். எனக்குப் புரிகிறதோ இல்லையோ, புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். உங்களில் பாதிப் பேருக்கு இந்த முகம் தெரியும் என்று நினைக்கிறேன்!

முதலாம் ஆண்டு விடுமுறையில் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக அந்தத் தகரப் பெட்டியைக் கிளறியபோது இரண்டு பழைய காகிதங்கள் கிடைத்தன. இரண்டும் அப்பாவைப் பற்றியவை. இரண்டும் 2015-ஆம் வருடத்தவை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அப்பா ஒரு கிட்டங்கியில் லோடுமேன். உர மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ. ஒருநாள் லாரியிலிருந்து விழுந்து இடது இடுப்பில் அடிபட்டது. அதற்குப் பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை. இப்போது ஓர் இடத்தில் இரவுக் காவல் பார்க்கிறார்.

ஒரு காகிதம் ஆஸ்பத்திரியில் பின்னாளில் போய்க் காட்டிய சீட்டு. அதில் டாக்டர் கையெழுத்தில் 'அப்டக்டர் லர்ச்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. இன்னொன்று, விழுந்த அன்றைக்குக் கிட்டங்கி ஆபீஸில் எழுதிய விபத்து அறிக்கையின் நகல். டைப் அடித்தது. அதில் நடு வரி இப்படி இருந்தது: 'தி வொர்க்மேன் ஸ்டாகர்டு அண்ட் ஃபெல் டவுன் ஃப்ரம் தி லாரி.'

லர்ச் என்றால் என்ன, ஸ்டாகர் என்றால் என்ன? இரண்டும் எனக்குத் தெரியவில்லை. நம் கல்லூரி நூலகத்தில் அகராதியை எடுத்தேன். லர்ச்சுக்கு எதிரே பார்த்தால் ஸ்டாகர் என்று போட்டிருக்கிறது. ஸ்டாகருக்கு எதிரே பார்த்தால் லர்ச் என்று போட்டிருக்கிறது. திருவாளர் அகராதி என்னை நன்றாகச் சுற்றவிட்டார். இரண்டும் ஒரே பொருள்தான் போல என்று மூடி வைத்துவிட்டேன். அது தப்பு என்று தெரிய இன்னும் ஒரு வருடம் ஆனது.

முதலில் லர்ச்சின் பூர்வீகத்தைப் பார்ப்போம். இது கடலிலிருந்து கரையேறிய சொல். ஆங்கிலக் கப்பல்காரர்கள் 1700-களின் பிற்பாதியில் 'லீ லர்ச்' என்று சொல்லிக்கொண்டார்கள். பாய்மரக் கப்பலுக்குக் காற்று ஒரு பக்கமிருந்து வரும். காற்று வரும் பக்கத்தில் ஒரு பெரிய அலை அறைந்தால் கப்பல் எதிர்ப்பக்கமாகத் திடீரென்று உருண்டு சாயும். மேல்தட்டில் நிற்கிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் திடீர்ச் சாய்வுக்குப் பெயர்தான் அது. பிறகு 'லீ' கழன்றுவிட்டது. குதிரை வண்டி, ரயில், பஸ், மனிதன் என்று எல்லாவற்றுக்கும் லர்ச் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆக, இந்தச் சொல்லுக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, திடீர். இரண்டு, நிலை தவறுவது. மூன்று, ஏதாவது ஒரு திசை. முன்னாலோ, பின்னாலோ, பக்கத்திலோ முழு உடம்பும் சேர்ந்து சாய்வது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லைத் தேடிக்கொண்டு போகவேண்டும்.

அப்படித் தேடிப் போனால் அக்கம்பக்கத்தில் ஒரு பெரிய தெருவே இருக்கிறது. எல்லா வீட்டையும் தட்டவில்லை, நமக்கு வேண்டிய வீடுகளை மட்டும் பார்ப்போம்.

ஜெர்க். இது நம்ம ஆள். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற எல்லோருக்கும் தெரியும். சுருக்கென்று வெட்டி இழுப்பது. லர்ச்சைப் போல முழுசாகச் சாயவேண்டும் என்று இல்லை, ஒரு வெட்டு போதும். நம் பாடத்தில் இதற்குத் தனி மரியாதை உண்டு. இடப்பெயர்ச்சி மாறும் வேகம் திசைவேகம், திசைவேகம் மாறும் வேகம் முடுக்கம் என்று படித்தோம் இல்லையா? அந்த முடுக்கமே மாறும் வேகத்துக்குப் பெயர் ஜெர்க். அலகு, மீட்டர் பெர் செகண்ட் க்யூப். கேம் படம் போடும்போது சார் ஏன் யூனிஃபார்ம் வெலாசிட்டி, எஸ்.எச்.எம்., சைக்ளாய்டல் என்று மூன்று விதமாகப் போடச் சொல்கிறார் என்று பலபேர் முனகியிருக்கிறோம். காரணம் இதுதான். யூனிஃபார்ம் வெலாசிட்டியில் ஃபாலோயர் கிளம்பும் இடத்தில் முடுக்கம் கணக்கில் எல்லையில்லாமல் போகும். எஸ்.எச்.எம்.மில் முடுக்கம் கட்டுக்குள் வந்துவிடும், ஆனால் ஃபாலோயர் நின்றுகொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது ஜெர்க் எல்லையில்லாமல் போகும். சைக்ளாய்டலில் அதுவும் கட்டுக்குள் வந்துவிடும். அதனால்தான் வேகமாக ஓடும் மெஷினுக்கு அது. நல்ல லிஃப்ட்டில் ஏறினால் கிளம்பியதே தெரியாமல் கிளம்புகிறதே, அதிலும் ஜெர்க்கை அளந்து கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

ஜோல்ட் என்றால் வெளியிலிருந்து வாங்கும் இடி. சக்கரம் பள்ளத்தில் விழுந்தவுடன் முதுகுத்தண்டில் ஏறுகிறதே, அது. இதில் ஒரு வசதி, 'பள்ளம் பஸ்ஸை ஜோல்ட் செய்தது' என்று செயப்படுபொருளோடு எழுதலாம். லர்ச்சில் அப்படி எழுத முடியாது. பஸ் தானாகத்தான் லர்ச் ஆகவேண்டும், யாரும் பஸ்ஸை லர்ச் செய்ய முடியாது. இதைத் தேர்வில் தப்பாக எழுதி மார்க் இழந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

வாபிள் என்பது சின்னச் சின்னதாக, திரும்பத் திரும்ப வரும் ஆட்டம். கோட்டம் விழுந்த சைக்கிள் சக்கரம், நிற்கப்போகும் பம்பரம். ஸ்வே என்பது நிதானமான அசைவு. பனைமரம் காற்றில் அசைவது ஸ்வே. இந்த இரண்டும் பிரபலமானது லண்டனில், தேம்ஸ் நதி மேல் கட்டிய மில்லேனியம் நடைப்பாலத்தால். 2000-ஆம் ஆண்டு ஜூன் 10-இல் திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் அசைய ஆரம்பித்தது. அசைவுக்கு ஏற்ற மாதிரி ஜனங்களும் காலை அகட்டி வைத்து நடக்க, அசைவு இன்னும் கூடிவிட்டது. இரண்டே நாளில் மூடி, டாம்பர்கள் பொருத்தி, 2002-இல்தான் மறுபடி திறந்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு 'வாபிளி பிரிட்ஜ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே லர்ச் என்று ஏன் பெயர் வரவில்லை? ஒரே ஒருமுறை திடீரென்று சாய்ந்திருந்தால் அது லர்ச். இது தாளம் தப்பாமல் போய்வந்து கொண்டிருந்தது.

லஞ்ச் என்று ஒரு சொல்லும் உண்டு. சாப்பாடு இல்லை! கத்திச் சண்டையில் முன்னால் பாய்ந்து குத்துவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது, என்ன செய்ய. லஞ்ச்சில் வேண்டுமென்றே பாய்கிறோம், லர்ச்சில் நம்மை அறியாமல் போகிறோம். ஸ்டம்பிள் என்றால் கால் தடுக்குவது, கீழே ஒரு கல்லோ கயிறோ இருக்கவேண்டும். டாட்டர் என்றால் கிழவரோ குழந்தையோ தத்தித் தத்தி நடப்பது. போதும்.

இப்போது ஸ்டாகர். எனக்கு வேண்டியது இதுதான்.

ஸ்டாகர் என்றால் தள்ளாடுவது. கால் ஒரு நிலையில் நிற்காமல் இங்கேயும் அங்கேயும் எட்டு வைப்பது. இதிலிருந்துதான் வரிசை மாற்றி, இடம் மாற்றி வைப்பதற்கும் ஸ்டாகர் என்று வந்தது. ஜிக்ஜாக் ரிவெட்டிங்கை ஸ்டாகர்டு ரிவெட்டிங் என்றும் சொல்வார்கள். மின் ரயில் பாதையில் மேலே போகும் கம்பியை நேர்கோட்டில் கட்டாமல், மையத்திலிருந்து இந்தப் பக்கம் 200 மில்லிமீட்டர், அடுத்த கம்பத்தில் அந்தப் பக்கம் 200 மில்லிமீட்டர் என்று மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். பெட்டி மேலே உள்ள பேன்டோகிராஃப் ஒரே இடத்தில் தேயாமல் இருக்க. அதற்கும் பெயர் ஸ்டாகர்தான். ட்ரிபிள்-ஈ நண்பர்களுக்குத் தெரியும்.

மனிதனுக்கு வந்தால்? அடிபட்டவன் ஸ்டாகர் ஆகலாம், மயக்கம் வந்தவன் ஆகலாம், அதிகச் சுமை தூக்கியவன் ஆகலாம். ஆனால் ஒரு காரணமும் சொல்லாமல் 'ஒருவன் ஸ்டாகர் ஆகி விழுந்தான்' என்று மொட்டையாக எழுதினால், படிக்கிறவர் மனசில் முதலில் வந்து நிற்கிற படம் எது? நீங்களே சொல்லுங்கள். தமிழிலும் அப்படித்தானே, 'தள்ளாடிக்கிட்டு வந்தான்' என்றால் யாரும் மயக்கம் என்று நினைப்பதில்லை.

எங்கள் அப்பா குடிக்கமாட்டார். ஆனால் அந்த அறிக்கை போன இடத்தில் முதலில் கேட்ட கேள்வி, "குடிச்சிருந்தாரா?" என்பதுதானாம். அம்மா சொன்னாள். அப்போது 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 2009-இல் திருத்தம் செய்து பெயரையும் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில், தொழிலாளி மதுபோதையில் இருந்ததே விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால், சாவு அல்லது நிரந்தர முழு ஊனம் இல்லாதபோது முதலாளி இழப்பீடு தரவேண்டியதில்லை என்று இருந்தது. நினைத்துப் பாருங்கள். ஒரு வினைச்சொல் அந்த வாசலைத் திறந்து வைத்துவிட்டது. டாக்டர் சோதனை எதுவும் செய்யவில்லை, யாரும் வாயை முகரவுமில்லை. முதல் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததோடு விஷயம் நின்றுபோனது. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கும் என்னைப் போல அகராதி சுற்றிவிட்டிருக்கலாம். அவர் சம்பவ இடத்திலேயே இல்லை, அது மட்டும் நிச்சயம்.

என்ன நடந்தது என்று அப்பாவிடம் போன வருடம்தான் உட்கார்ந்து கேட்டேன்.

"பாதி லோடு எறக்கியாச்சுல. நான் பின்னாடி, கதவு இருக்கிற ஓரத்துல நிக்கேன். வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னால எடுக்கச் சொல்லி யாரோ கீழ இருந்து சத்தம் குடுத்தாங்க. நான் இருக்கேன்னு டிரைவருக்குத் தெரியாது போல. படக்குனு எடுத்தான். கால் வண்டியோட போயிருச்சு, நான் போகல."

'கால் வண்டியோட போயிருச்சு, நான் போகல.' அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்த யாராவது இதைவிடச் சுருக்கமாக நியூட்டனின் முதல் விதியைச் சொல்லியிருக்கிறார்களா? அப்பா ஐந்தாம் வகுப்பு.

நான் நோட்டில் படம் போட்டுப் பார்த்தேன். லாரி முன்னால் பாய்கிறது. உராய்வு, பாதத்தை முன்னால் இழுக்கிறது. உடம்பின் எடைமையம் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஆக, ஆள் பின்பக்கமாகச் சாயவேண்டும். பின் ஓரத்தில் நின்றால் வெளியே விழவேண்டும். அப்பா விழுந்தது லாரிக்குப் பின்னால், மல்லாக்க. இன்னொன்றும் இருக்கிறது. பாதி லோடு இறங்கிவிட்டது. அதே முதல் கியர், அதே இழுவிசை, ஆனால் நிறை குறைவு. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். அதாவது முழு லோடில் மெதுவாக நகர்ந்திருக்கும் வண்டி, பாதி லோடில் துள்ளும். கிளட்சைப் படக்கென்று விட்டால் கேட்கவே வேண்டாம்.

தள்ளாடி விழுகிறவன் எந்தப் பக்கமும் விழலாம். வண்டி தள்ளிவிட்டவன் ஒரு பக்கம்தான் விழமுடியும். அறிக்கையில் விழுந்த திசையை யாரும் எழுதவில்லை. அப்பா ஸ்டாகர் ஆகவில்லை. லாரிதான் லர்ச் ஆனது. சரியான வாக்கியம் 'தி லாரி லர்ச்டு ஃபார்வர்ட் அண்ட் தி வொர்க்மேன் ஃபெல் ஃப்ரம் இட்ஸ் ரியர் எண்ட்' என்று இருந்திருக்கவேண்டும். எழுவாய் லாரி. அகராதி பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு மனிதனின் வருமானமே கிடக்கிறது.

இனிமேல் ஏதாவது செய்யலாமா என்று விசாரித்தேன். அந்தச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் கோரியிருக்க வேண்டுமாம். தக்க காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தை ஏற்கலாமாம். மகனுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது என்பது தக்க காரணத்தில் வருமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது காகிதம். டாக்டர் எழுதிய லர்ச்.

அப்பா நடக்கும்போது இடது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு இடப்பக்கமாகச் சாயும். தெருவில் சின்னப் பையன்கள் அதைப் போலவே நடந்து காட்டுவார்கள். இந்த நடைக்கு மருத்துவத்தில் லர்ச் என்றே பெயர். 1895-இல் இந்தக் குறியை விவரித்த ஜெர்மன் அறுவை மருத்துவர் ட்ரெண்டலன்பர்க் பெயராலும் இதைச் சொல்வார்கள். நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் எடை இடுப்பு மூட்டுக்கு உள்பக்கமாக, உடலின் நடுவில் இறங்குகிறது. எடை இடுப்பைக் கவிழ்க்கப் பார்க்கிறது. மூட்டுக்கு வெளிப்பக்கம் உள்ள தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்தத் தசைகளுக்குத்தான் அப்டக்டர் என்று பெயர். அப்படியே தராசுக் கணக்கு. எடையின் கை நீளம், தசையின் கை குட்டை. அதனால் தசை, எடையைவிட அதிக விசையில் இழுக்கவேண்டும். தசை பலவீனமானால்? உடம்பே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. மேல் உடம்பை அடிபட்ட பக்கமே சாய்த்து, எடைமையத்தை மூட்டுக்கு மேலே கொண்டுவந்துவிடுகிறது. தூரம் குறைந்தால் திருப்புத்திறன் குறையும். பலவீனமான தசையே போதும். மொமென்ட் ஈக்வல் டு ஃபோர்ஸ் இன்டு டிஸ்டன்ஸ், அவ்வளவுதான்.

ஆக, பார்க்கிறவனுக்குத் தடுமாற்றமாகத் தெரிவது உண்மையில் விழாமல் இருப்பதற்கான கணக்கு. அப்பாவிடம் இதைப் படம் போட்டுச் சொன்னபோது, "சாஞ்சா வலி கொறயும்ல, அதான்" என்றார். நான் இரண்டு பக்கம் போட்ட கணக்கு! ஒரு உபயோகமான விஷயம்: இப்படி உள்ளவர்கள் கம்பு ஊன்றினால் அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில்தான் பிடிக்கவேண்டும். அப்போதுதான் தசைக்குப் பாரம் நன்றாகக் குறையும். அப்பா பல வருடம் இடது கையில் பிடித்துக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டிலும் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று. ரயில்வே பாடத்தில் லர்ச்சிங் என்பது கலைச்சொல்லாகவே இருக்கிறது. ஓடும் பெட்டிக்கு ஆறு விதமான வேண்டாத ஆட்டங்கள் சொல்கிறார்கள். முன்னும் பின்னும் போய்வந்தால் ஷட்லிங். பக்கவாட்டில் முழுசாக நகர்ந்தால் லர்ச்சிங். மேலும் கீழும் குதித்தால் பவுன்சிங். நீளவாக்கு அச்சில் உருண்டால் ரோலிங், மூக்கை மேலும் கீழும் ஆட்டினால் பிட்ச்சிங், மூக்கை இடமும் வலமும் ஆட்டினால் நோசிங். நாம் இதுவரை லர்ச் என்றால் எந்தப் பக்கமும் சாயலாம் என்று பார்த்தோம். தண்டவாளத்துக்கு வந்ததும் பக்கவாட்டு மட்டும்தான். ஒரு துறைக்குள் நுழைந்தவுடன் சொல் சட்டை மாற்றிக்கொள்கிறது. பாலக் கணக்கிலும் உண்டு. பி.எஸ். 5400 என்ற பிரிட்டிஷ் பாலத் தரநூலில், ரயிலின் பாரம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குத் தற்காலிகமாக மாறுவதை லர்ச்சிங் என்றார்கள். ஒரு வகை ரயில் பாரத்துக்கு, மொத்தத்தில் 0.56 பங்கு ஒரு தண்டவாளத்தில், 0.44 பங்கு மற்றதில் என்று வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். 2010-இல் அந்த நூலுக்குப் பதிலாக யூரோகோடு வந்துவிட்டது. திடீர்ச் சாய்வு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதைக் கணக்கில் வைத்து இரும்பு போட்டுவிடுகிறார்கள். லாரியின் பின் ஓரத்தில் நிற்கிற ஆளுக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை.

வழக்கில் இன்னும் சில இடங்கள். பயந்தால் வயிறு லர்ச் ஆகும், கெட்ட சேதி கேட்டால் நெஞ்சு லர்ச் ஆகும். நம்முடைய 'தூக்கிவாரிப் போட்டது' கிட்டத்தட்ட அதேதான். நின்றுகொண்டே வந்த வண்டி குலுங்கி நின்றால் 'லர்ச்சுடு டு எ ஹால்ட்'. பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பழக்கம், ஒரு நிறுவனம் ஒரு நெருக்கடியிலிருந்து இன்னொரு நெருக்கடிக்கு லர்ச் ஆகிறது என்று எழுதுவார்கள். பெயர்ச்சொல்லாகவும் வரும். 'தி பஸ் கேவ் எ லர்ச்' என்றால் ஒருமுறை சாய்ந்தது. முன்னால் என்றால் ஃபார்வர்ட், பக்கத்தில் என்றால் டு தி லெஃப்ட், டு தி ரைட். திசை சொல்லும் சொல் கூடவே வந்தால்தான் வாக்கியம் நிறைவாக இருக்கும்.

ஒரு கண்ணி மட்டும் ஜாக்கிரதை. 'லீவ் இன் தி லர்ச்' என்று ஒரு தொடர் இருக்கிறது. நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவது. இதையும் கப்பல் சாய்வதையும் முடிச்சுப் போட்டு ஒரு நண்பன் விளக்கம் சொன்னான், நானும் கொஞ்ச நாள் நம்பினேன். அது வேறு லர்ச். பிரெஞ்சுக்காரர்களின் ஒரு பழைய காய் நகர்த்தும் விளையாட்டுக்கு லூர்ஷ் என்று பெயர். அதில் மீளமுடியாத அளவுக்குப் பின்தங்கியவன் லர்ச்சில் இருக்கிறான் என்பார்கள். தொடர் 1500-களிலேயே வந்துவிட்டது, கப்பல் லர்ச்சுக்கு இருநூறு வருடம் மூத்தது. போதாக்குறைக்கு லர்ச்சர் என்று ஒரு நாய் வகை இருக்கிறது, திருட்டு வேட்டைக்குக் கூட்டிப்போகும் நாய். பதுங்குவது, திருடுவது என்ற பொருள் கொண்ட மூன்றாவது பழைய லர்ச்சிலிருந்து வந்தது அது. ஒரே சட்டை போட்ட மூன்று பேர், சொந்தம் இல்லாதவர்கள்.

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். போன செமஸ்டரில் இன்-பிளான்ட் டிரெயினிங் போயிருந்தபோது, ஷாப்பில் ஒரு ஹாண்ட் பேலட் ட்ரக்கின் சக்கரம் தரையில் கிடந்த ஒரு போல்ட்டில் ஏறி, மேலே இருந்த பெட்டி சரிந்து ஹெல்பர் அண்ணன் ஒருவர் காலில் உரசிவிட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் பதிவேட்டில் எழுதவேண்டும், ஆங்கிலத்தில். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "தம்பி, நீதான டிப்ளமா, எழுது" என்று பேனாவை நீட்டினார். கை கொஞ்சம் நடுங்கியது. போல்ட் ட்ரக்கை ஜோல்ட் செய்தது என்று முதல் வரி. ட்ரக் இடப்பக்கம் லர்ச் ஆனது என்று இரண்டாம் வரி. பெட்டி எந்தப் பக்கம் விழுந்தது, அண்ணன் எங்கே நின்றார், தரையில் போல்ட் எப்படி வந்தது என்று அடுத்த நாலு வரி.

அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

"என் பேரை எங்க போட்டிருக்க? மொதல்லயேவா?"

"இல்லண்ணே. மொதல்ல போல்ட்டு, அப்புறம் ட்ரக்கு, பெட்டி. நீங்க நாலாவது வரியிலதான் வாறீங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.